சந்தனம் வச்ச கம்ப்யூட்டர்

அன்னிக்குக் காலையில சுவிட்சப் போட்டதும் கம்ப்யூட்டர் கத்த ஆரம்பிச்சுது. நீளமா ஒரு பீப், ரவ கேப், மறுபடியும் நீளமா ஒரு பீப். ஸ்கிரீன் மட்டும் கருப்பாவே கெடந்துச்சு. வேற நாளா இருந்திருந்தா, "சனியனே, காலங்காத்தால ஆரம்பிச்சுட்டியா"னு தலையில ஒரு தட்டு தட்டிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். அன்னிக்கு முடியல. கடைவாசல்ல ஒரு கார் நின்னுட்டு இருந்துச்சு. அதுல வந்த புருஷனும் பொண்டாட்டியும் கவுண்டர் மேல கைய ஊனிக்கிட்டு என்னையே பாத்துட்டு இருந்தாங்க. அவங்களுக்குக் கொஞ்சம் தள்ளி, என் கடையில வேலை செய்யற பொண்ணு தொடப்பத்தோட நின்னுட்டு இருந்தா. அவள அப்பதான் திருடின்னு சொல்லி முடிச்சிருந்தாங்க.

என் கடை அடி அண்ணாமலையில, கிரிவலப் பாதை மேலயே இருக்கு. ஜெராக்ஸ், ஆன்லைன்ல அப்ளிகேஷன் போடறது, லெமன் ஜூஸ், கூல் ட்ரிங்க்ஸ், எல்லாம் உண்டு. நடந்து வர்றவங்க கைகால் கழுவ வாசல்ல ஒரு பைப்பும் வச்சிருக்கேன். பைப்பப் பாத்து உள்ள வர்ற கூட்டம்தான் ஜாஸ்தி. அந்தப் பொண்ணு நாலஞ்சு வருஷமா எங்கிட்ட இருக்கா. கூட்டுவா, தொடைப்பா, ஜூஸ் போடுவா. பின்னாடி தெருவுல அவளும் அவ பொண்ணும் மட்டும் ஒரு வாடகை வீட்ல இருக்காங்க.

வந்தவங்க சொன்னது இதுதான். ஆயுத பூஜைக்கு மொத நாள் சாயந்தரம் மலை சுத்த வந்திருக்காங்க. என் கடையில ஜூஸ் குடிச்சிருக்காங்க. அந்தம்மா பைப்புல கை கழுவறதுக்காகத் தங்க வளையலக் கழட்டிக் கவுண்டர் மேல வச்சிருக்காங்க. ராத்திரி லாட்ஜுக்குப் போய்ப் பாத்தா வளையல் இல்ல. ரூம் பூராத் தேடிட்டு மறுநாள் இங்க வந்திருக்காங்க, கடை பூட்டு. பூஜை அன்னிக்கு நான் ஏன் கடைய தொறக்கப் போறேன்? பூஜ போட்டு, பூசணிக்கா ஒடச்சு, வெளக்கேத்தி வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அதனால விஜயதசமி காலையில, நான் ஷட்டரத் தூக்கறதுக்குள்ளயே வந்து நின்னுட்டாங்க.

"அன்னிக்கு நாங்க குடிச்சு முடிச்சதும் கவுண்டரத் தொடச்சது இந்தப் பொண்ணுதான்"னு அந்தம்மா சொன்னாங்க. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இன்னிக்குப் பாருங்க, புதுப் புடவ எல்லாம் கட்டிட்டு வந்திருக்கா."

எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. "அந்தப் புடவ ஆயுத பூஜைக்கு நான் எடுத்துக் குடுத்தது. பொரிப் பொட்டலத்தோட சேத்துக் குடுத்தேன். பில்லு வேணுமா?"னு கேட்டேன்.

அவங்க புருஷன் கைய நீட்டி என்ன அமத்தினாரு. "மேடம், சண்ட வேணாம். மேல கேமரா மாட்டி வச்சிருக்கீங்க இல்ல? போட்டுக் காட்டுங்க. அதுல இல்லனா நாங்க போயிட்டே இருக்கோம். இருந்துச்சுனா நேரா ஸ்டேஷன்தான்."

"தாராளமா பாருங்க, பூஜைக்கு மொத நாள் வரைக்கும் ஓடுச்சு"னு சொன்னேன். அந்தக் கேமரா தனிப் பொட்டியில இல்ல, என் கம்ப்யூட்டர்லதான் பதிவாகுது. அதான் நான் சுவிட்சப் போட்டது. அதான் அது கத்துனது.

மறுபடியும் அமத்திட்டுப் போட்டேன். அதே பீப். ஸ்கிரீன் வயரப் புடுங்கிச் சொருகினேன். வேற பிளக்குல மாட்டிப் பாத்தேன். யூபிஎஸ்ஸ எடுத்துட்டு நேரா கரண்ட் குடுத்துப் பாத்தேன். ஃபேன் சுத்துது, லைட்டு எரியுது, பீப் மட்டும் நிக்கல.

"பூஜைக்கு மொத நாள் வரைக்கும் ஓடுச்சுனு நீங்கதானே சொன்னீங்க?"னு அந்தம்மா கேட்டாங்க. "கரெக்டா இன்னிக்குப் பாத்து ரிப்பேரா?"

"நான் என்ன வேணும்னா கெடுத்து வச்சிருக்கேன்?"

"நான் அப்படிச் சொல்லலியே"னு சொல்லிட்டு, சொன்ன மாதிரியே பாத்தாங்க. எனக்கு அந்த ஸ்கிரீன எடுத்து ரோட்டுல வீசலாமானு இருந்துச்சு.

எங்க கம்ப்யூட்டர சர்வீஸ் பண்ற தம்பி திருவண்ணாமலையில கடை வச்சிருக்காரு. ஃபோன் பண்ணேன். லீவுன்னு மாமியார் வீட்டுக்குப் போளூர் போயிருக்காரு, பின்னாடி கொழந்தைங்க சத்தம். நாளைக்கு வந்து டிஸ்க்கக் கழட்டி வேற மெஷின்ல போட்டுப் பாக்கறேன்க்கான்னாரு. நாளைக்குங்கற வார்த்தைய அவரு ஃபோன்ல சொன்னது வெளியில நின்ன கார்க்காரருக்கே கேட்டுடுச்சு போல. "நாங்க மத்தியானம் ஊருக்குக் கெளம்பணும். அதுக்குள்ள ஆகலனா கம்ப்ளெயின்ட் குடுத்துட்டுத்தான் போவோம். போலீஸ் வந்து பாத்துக்கட்டும்"னாரு.

"தம்பி, நாளைக்கெல்லாம் ஆவாது. என்ன பண்ணணும்னு சொல்லு, நான் பண்றேன்"னேன்.

"பீப் எப்படிக்கா வருது? குட்டையா, நீளமா?"

ஃபோன அதுகிட்டயே கொண்டு போய்க் காட்டினேன்.

"அது ரேம்க்கா. பயப்படாதீங்க, டிஸ்க்குல இருக்கறது பத்திரமா இருக்கும். பொட்டியோட சைடு மூடியக் கழட்டுங்க. உள்ள விரல் நீளத்துல பச்சைப் பட்டை ஒண்ணு செங்குத்தா நிக்கும். அதக் கழட்டி, ரப்பர் போட்டுத் தேச்சு, திருப்பி மாட்டணும். அவ்ளோதான்."

அவ்ளோதானாம். நான் இதுக்கு முன்னாடி அதோட மூடியத் தொட்டதில்ல. பிளக்கப் புடுங்கிட்டு, பொட்டியத் தரையில படுக்க வச்சு, ஸ்குரூ டிரைவர எடுத்துட்டு உக்காந்தேன். அதுக்குள்ள டீக்கடைக்காரரு, பூக்காரம்மா, நடந்து வந்தவங்கன்னு வாசல்ல ஒரு கும்பல் கூடிடுச்சு. இந்த ரோட்டுல ஒரு மாடு தும்முனாலே பத்து பேரு நிப்பாங்க.

அந்தப் பொண்ணு மெதுவா எம்பக்கத்துல வந்து குனிஞ்சா. "அக்கா, நான் எடுக்கலக்கா"ன்னா.

ஸ்குரூவ வாயில கடிச்சுட்டு இருந்தேன். "இரு இரு. மொதல்ல இது ஓடட்டும்"னு சொல்லிட்டு மூடிய இழுத்தேன்.

மூடி வந்துச்சு. உள்ள பாத்தேன்.

உள்ள பூரா பொட்டு! ஃபேனுக்கு நடுவுல ஒரு சந்தனம், அது மேல குங்குமம். பவர் சப்ளை டப்பாவுக்கு மூணு பொட்டு. டிஸ்க்குக்கு ஒண்ணு. அந்தப் பச்சைப் பட்டைக்கும் தலையில ஒண்ணு, அது நல்லாப் பெரிசா. ஒண்ணுக்கு ரெண்டா மஞ்சப் பூ வேற ஓரத்துல சொருகியிருந்துச்சு. கல்யாணப் பொண்ணு மாதிரி சோடிச்சு வச்சிருக்கு.

யார் வேலைன்னு யோசிக்கவே வேணாம். எங்க வீட்டுக்காரரு டவுன்ல ஒரு லேத் பட்டறையில இருக்காரு. பூஜைக்கு மொத நாள் ராத்திரி, "கம்ப்யூட்டர நான் தொடச்சுப் பொட்டு வைக்கறேன், நீ பொரிய பாரு"ன்னு சொன்னவரு அவருதான். ஃபோனப் போட்டேன்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க உள்ள?"

"ஏன், பாத்தியா? நல்லா வச்சிருக்கேன் இல்ல?"ன்னாரு. குரல்ல அவ்ளோ சந்தோஷம். "வேலை செய்யறது உள்ள இருக்கறதுதானே. வெளியில தகரத்துக்குப் பொட்டு வச்சு என்ன பிரயோஜனம்? எங்க பட்டறையில கியர் பாக்ஸ் தொறந்து உள்ள வப்போம். ஒரு ஸ்பேனர் விட மாட்டோம்."

"அது இரும்புய்யா! இது என்ன, லேத்தா?"

"பன்னீர் விட்டுக் கரைச்சேன், வாசனையா இருக்கும்"னாரு. ரவ தண்ணியாவே கரைச்சுட்டாராம். நான் அதுக்கு மேல பேசினா நாக்குல வேற வார்த்த வந்துடும்னு ஃபோன வச்சேன். வெளியில நின்ன கும்பல்ல யாரோ சிரிச்சாங்க. எனக்கு அழுக வந்துச்சு.

தம்பிக்குத் திரும்ப ஃபோன் பண்ணி விஷயத்தச் சொன்னேன். அவரு சிரிப்ப அடக்கறாருனு தெரிஞ்சுது. அப்பறம், "பொட்டுத் தண்ணி வழிஞ்சு, பட்டையச் சொருகியிருக்கற ஸ்லாட்டுல எறங்கியிருக்கும்க்கா. காஞ்சு அடைச்சுட்டு இருக்கும். பட்டையோட ரெண்டு ஓரத்துலயும் வெள்ள கிளிப்பு இருக்கு பாருங்க, வெளிப்பக்கமா அமுக்குங்க"ன்னாரு.

அமுக்கினேன். வரல. ஒடிஞ்சிடுமோனு பயம். ஒடிஞ்சிட்டா நான்தான் ஒடச்சேன்னு சொல்லுவாங்க. பல்லக் கடிச்சுட்டு இன்னொரு வாட்டி அமுக்கினதும் டக்குனு பட்டை மேல எழுந்துச்சு. அடிப்பக்கம் தங்கக் கலர்ல பல்லு பல்லா இருக்கு. அந்தப் பல்லு மேல பாதி தூரம் சந்தனம் காஞ்சு வெள்ளையாப் படிஞ்சிருந்துச்சு.

விக்கறதுக்கு வச்சிருந்த பாக்கெட்லருந்து புது ரப்பர் ஒண்ண எடுத்துத் தேச்சேன். சந்தனம் உருண்டை உருண்டையா உதிர்ந்துச்சு. ஸ்லாட்டுக்குள்ள என்ன பண்றதுன்னு தெரியல. வாய் வச்சு ஊதப் போனேன். "ஊதாதீங்கக்கா, எச்சி தெறிக்கும்!"னு தம்பி ஃபோன்ல கத்துனாரு. பெயின்ட் பிரஷ் ஒண்ணு இருந்துச்சு, அத விட்டு மெல்ல மெல்ல நோண்டினேன்.

அதுக்குள்ள வெளியில பேச்சு வேற மாதிரி போச்சு. டீக்கடைக்காரரு, "எதுக்கு வீண் பஞ்சாயத்து? அந்தப் பொண்ணு வீடு பின்னாடிதானே. ஒரு வாட்டி போய்ப் பாத்துட்டு வந்துட்டா போச்சு"ன்னாரு. அந்தாளுக்கு எதுலயும் மூக்க நுழைக்கணும். கார்க்காரரு சரின்னு கெளம்பறாரு.

"வேணாங்க"னு அந்தப் பொண்ணு குறுக்க வந்துட்டா. "என் பொண்ணு வீட்ல இருக்கா. தெருவே பாக்கும். அவ முன்னாடி பொட்டியெல்லாம் கவுக்காதீங்க. கால்ல வேணா விழறேன்."

"ஒண்ணும் இல்லனா ஏன் பயப்படணும்?"னு அந்தம்மா கேட்டாங்க.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ரேமும் கையுமா எழுந்து நின்னேன். "யாரும் எங்கயும் போக வேணாம்! கேமரா இருக்கு இல்ல? அது சொல்லட்டும். அது சொன்னா ஒத்துக்கறீங்க இல்ல? அப்ப நில்லுங்க!"னு கத்தினேன். என் சத்தத்துக்கு எல்லாரும் நின்னுட்டாங்க. அந்தப் பொண்ணு என்னப் பாத்து "அக்கா..."ன்னு என்னமோ சொல்ல வந்தா. "நீயும் சும்மா இரும்மா, வேலைய பாக்க வுடு"ன்னுட்டு மறுபடியும் தரையில உக்காந்துட்டேன்.

பட்டைய ஸ்லாட்டுல நிறுத்தி, ரெண்டு கட்ட வெரலாலயும் அழுத்தினேன். இந்தப் பக்கம் டக். அந்தப் பக்கம் டக். பிளக்கச் சொருகிட்டுச் சுவிட்சப் போட்டேன்.

குட்டையா ஒரே ஒரு பீப். அப்பறம் சத்தம் இல்ல. ஸ்கிரீன்ல வெளிச்சம் வந்துச்சு.

"முருகா!"னு வாய் விட்டே சொல்லிட்டேன். சொல்லி வாய மூடல, ஸ்கிரீன் திரும்பக் கருப்பாச்சு. மேல ஓரத்துல வெள்ள எழுத்துல ஒரு வரி. டிஸ்க்கே இல்லன்னு சொல்லுது.

"டிஸ்க் இல்லன்னு வருதே தம்பி! எல்லாம் போச்சா?" அதுல அந்தச் சாயந்தரம் இருக்கு. அது போச்சுனா இந்தப் பொண்ணு கதை அவ்ளோதான்.

"போவாதுக்கா, பதறாதீங்க. மாமா தொடைக்கறப்ப வயர இழுத்திருப்பாரு. டிஸ்க்குலருந்து செவப்பா ஒரு தட்ட வயர் வரும். ஆடுதா பாருங்க."

ஆடுச்சு. தொட்டதும் கையோட வந்துடுச்சு. அந்த மனுஷன நினைச்சு நான் அப்ப என்ன சொன்னேன்னு இங்க எழுத முடியாது. வயரச் சொருகி, அழுத்தி, திரும்பச் சுவிட்சப் போட்டேன்.

இந்த வாட்டி டிஸ்க்கு தெரிஞ்சுது. ஆனா உடனே தொறக்கல. டிஸ்க்கச் சரி பாக்கறேன்னு ஒரு வட்டம் சுத்த ஆரம்பிச்சுது, கீழ பர்சென்ட் கணக்கு. "எந்தக் கீயையும் தொடாதீங்கக்கா. நடுவுல நிறுத்தினா இருக்கறதும் கெட்டுப் போயிடும். வுட்டுடுங்க, தானா வரும்"னாரு தம்பி.

தானா வரணும்னா எப்ப வரும்? அது நகரவே மாட்டேங்குது. அந்தம்மா மணிக்கட்டத் திருப்பித் திருப்பி டைம் பாக்கறாங்க. அவரு யாருக்கோ ஃபோன் போட்டு, இங்க ஸ்டேஷன்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு கேக்கறாரு. பஸ்ஸு ஒண்ணு வாழக்கன்னு கட்டிட்டு, மால ஆட ஆட ஹாரன் அடிச்சுட்டுப் போச்சு. நான் எதையும் திரும்பிப் பாக்கல. அந்தப் பர்சென்ட்ட விட்டுக் கண்ண எடுத்தா அது நின்னுடும்ங்கற மாதிரி அதையே மொறச்சுட்டு உக்காந்திருந்தேன். கரண்ட் மட்டும் போயிடக் கூடாது, கரண்ட் மட்டும் போயிடக் கூடாதுனு உள்ளுக்குள்ள ஓடுது. யூபிஎஸ்ஸக் கழட்டி வச்சது அப்பதான் ஞாபகம் வந்துச்சு. நடுவுல மாட்டவும் முடியாது.

கரண்ட் போகல. வட்டம் நின்னுது. என் பேரன் ஃபோட்டோ போட்ட ஸ்கிரீன் வந்துச்சு. அப்பாடான்னு நெஞ்சுல கைய வச்சேன்.

கேமரா பதிவத் தொறந்து அந்தச் சாயந்தரத்துக்குப் போனேன். கார்க்காரரும் அவரு சம்சாரமும் கவுண்டருக்குள்ள எட்டிப் பாத்தாங்க. பின்னாடி கும்பல் ஒரு அடி முன்னால வந்துச்சு. படத்துல அவங்க வர்றாங்க. ஜூஸ் வாங்கறாங்க. அந்தம்மா வளையலக் கழட்டிக் கவுண்டர்ல, அவங்க தண்ணி பாட்டிலுக்குப் பக்கத்துல வைக்கறாங்க. பைப்புகிட்டப் போறாங்க. அவரு ஃபோன் பேசிட்டே நிக்கறாரு. பேசிட்டே, பாட்டிலயும் வளையலயும் ஒரே கையில சேத்து அள்ளி, தோள்ல தொங்கற பையோட சைடு பாக்கெட்ல சொருகறாரு. பேச்சு நிக்கவே இல்ல. அவங்க போறாங்க. அப்பறம்தான் எங்க கடைப் பொண்ணு துணியோட வர்றா, வெறுங் கவுண்டரத் தொடைக்கறா.

அவரு கார்கிட்டப் போயி, அன்னிலருந்து வண்டியிலயே கெடந்துச்சு போல, பின் சீட்லருந்து அந்தப் பையத் தூக்கி, சைடு பாக்கெட்ல கைய விட்டாரு. பாட்டில் வந்துச்சு. அடியில வளையல் இருந்துச்சு.

"அட"ன்னாரு. அவ்ளோதான். சம்சாரம் அவர ஒரு பார்வ பாத்துட்டு வளையல வாங்கிக் கையில ஏத்திக்கிட்டாங்க. "சாரி மேடம், டென்ஷன்ல பேசிட்டோம். உங்களுக்கு ரொம்பச் சிரமம்"னு எங்கிட்ட சொன்னாரு. அந்தப் பொண்ணு பக்கம் திரும்பவே இல்ல.

"சாரி எனக்கு எதுக்கு? அங்க சொல்லுங்க!"னு கைய நீட்டிக் காட்டினேன். அதுக்குள்ள கார்க் கதவு சாத்திடுச்சு. வண்டியச் செங்கம் ரோட்டுப் பக்கம் திருப்பிட்டுப் போயிட்டாங்க. டீக்கடைக்காரரு, "நான் அப்பவே நினைச்சேன்"னுட்டு நடையக் கட்டினாரு. கும்பலும் கலஞ்சுது.

எனக்கு அப்ப தல கால் புரியல, அவ்ளோ சந்தோஷம். முட்டிய புடிச்சுட்டு எழுந்து, கையில இருந்த சந்தனத் தூளத் தட்டினேன். நான் கழட்டி, நான் தேச்சு, நான் மாட்டி ஓட வச்சிருக்கேன்! வீட்டுக்காரருகிட்ட ஒரு வாரம் பேசக் கூடாது, தம்பிக்கு ஒரு கிலோ ஸ்வீட்டு வாங்கணும், எல்லாம் ஒண்ணா மண்டையில ஓடுது. "பாத்தியா? காப்பாத்திட்டேன் இல்ல? எப்படி ஓட வச்சேன் பாத்தியா?"னு அந்தப் பொண்ணப் பாத்துச் சிரிச்சேன்.

அவ சிரிக்கல. தொடப்பத்தச் செவத்துல சாச்சு வச்சுட்டு, கண்ணத் தொடச்சுக்கிட்டா.

"அது ஓடலனா என்னக்கா பண்ணியிருப்பீங்க?"ன்னா.

"ஓடாம எங்க போவுது..."

"ஓடலனா? அவங்கள என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பீங்களா?"

"ஏய், லூசு மாதிரி பேசாத. உன்ன நான் சந்தேகப்படவே இல்ல. உனக்காகத்தானே இவ்ளோ நேரம் தரையில கெடந்தேன்?"

"அவங்க கேட்டப்பல்லாம் கேமரா சொல்லட்டும், கேமரா சொல்லட்டும்னீங்க. இவ எடுக்க மாட்டான்னு ஒரு வாட்டி கூடச் சொல்லலியேக்கா. ரெண்டு வாட்டி வந்து உங்ககிட்ட நின்னேன். அந்தப் பொட்டியவே பாத்துட்டு இருந்தீங்க. என் மூஞ்சிய நிமிந்து கூடப் பாக்கல."

அவ சாப்பாட்டு டப்பாவ எடுத்துக்கிட்டு வெளியில போனா. அவ பொண்ணு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு எதுக்க ஓடி வந்துட்டு இருந்தா. ரெண்டு பேரும் நடு ரோட்டுல கட்டிக்கிட்டு நின்னாங்க. மறுநாள்லருந்து கடைய நான்தான் கூட்டறேன்.